ஒரே தாள்

மீன் எடைபோடும் கொட்டகையில்
தராசுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது
பனிக்கட்டிப் புத்தகம்.
சணல் கோத்த பழைய கணக்கு நோட்டுதான்.
பெய்ப்சி ஏரி உறைந்ததும்
போய் வந்தவர் எவரும் அதில் எழுதலாம்:
எங்கே எவ்வளவு தடிமன்,
எந்த விரிசல் வாய் திறந்திருக்கிறது,
எந்தத் துளையில் மீன் கடிக்கிறது
(இது மட்டும் பெரும்பாலும் பொய்).

பிப்ரவரி பதினொன்று. என் கையெழுத்து.
"மூன்றாம் விரிசலுக்குக் கிழக்கே முப்பது சென்டிமீட்டர்.
வண்டி தாராளமாய்ப் போகும். லுக்கியான்."
தாராளமாய் என்பதன் கீழே
இரண்டு கோடு வேறு.

பதின்மூன்றாம் தேதி
தீஹனின் வண்டி உள்ளே போனது.
பெரிய டயர்கள், தானே பற்றவைத்த சட்டம்,
முகப்பு விளக்கு அணையாமல்
அடியில் கொஞ்ச நேரம் மஞ்சளாய்க் கிடந்ததாம்.
ஆட்கள் ஏறிவிட்டார்கள்.
அவன் மகன் ஓசிப்பின் இடக்கையில்
இப்போது மூன்று விரல்.

அன்றிரவு கொட்டகைக்குப் போனேன்,
மீன் கிழிக்கும் கத்தியோடு.
அனீசிம் அப்படித்தான் செய்வான்.
தான் எழுதியது பொய்த்த வருடமெல்லாம்
சவரத்தகடால் தாளை நறுக்கிவிடுவான்.
இருபது குளிர்காலம், ஒரு பிழை இல்லை;
தையலோரம் காகிதத் துணுக்குகள் மட்டும்
உடைந்த பற்களாய்.
ஏரியைப் பற்றி அனீசிமிடம் யாரும் கேட்பதில்லை.

இருந்தும் கத்தியைத் தாளில் வைத்தேன்.
வைத்தபின்தான் புரட்டினேன்.

மறுபக்கம் ஃபெவ்ரோனியா. பிப்ரவரி பன்னிரண்டு.
"இரண்டு இரவாய்த் தெற்குக் காற்று.
கிழக்கே அடியில் நீர் நடக்கிறது.
படுத்துக் காது வைத்துக் கேட்டேன். போக வேண்டாம்."
அதன் கீழே சிரிப்பு, சிரிப்பு,
யாரோ வரைந்த பெரிய காது.
எல்லாவற்றுக்கும் கடைசியில் மறுபடி நான்:
"வெங்காயம் விற்கிறவளிடம் ஏரி ரகசியம் பேசுகிறதாம்."

முன்பக்கத்தை மறந்துவிட்டுப்
பின்பக்கத்தை விட்டுவைக்கும் கத்தி
எந்தக் கொல்லன் அடித்திருக்கிறான்?
என் பிழை போனால் அவள் சொன்ன உண்மையும் போகும்.
அடுத்த வருடம் எல்லோரும் சொல்வோம்,
அன்றைக்கு யாருமே எச்சரிக்கவில்லை என்று.
நானும் சொல்வேன்.
கொஞ்ச நாளில் நம்பியும் விடுவேன்.

ஆனால் அப்படியே விடவும் பயம்.
தார்த்துவிலிருந்து சனிக்கிழமை வருகிற எவனாவது
கையுறை கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் படிப்பான்.
முப்பது சென்டிமீட்டர், தாராளமாய்.
செத்த வாக்கியம் என்று அதற்குத் தெரியாதே;
இன்னும் ஒரு வண்டியை அது அனுப்பும்.

விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன்.
வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள்,
நிறுத்தவில்லை.
கிழிக்கட்டுமா என்றேன்.
"ஓசிப்பிடம் கேட்டாயா?"
இல்லை.
"பிழையை அடி. ஒரே கோடு. அடியில் இருப்பது தெரியணும்."
இன்னொன்று, வெங்காயம் பற்றி?
மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினாள்.
"அதை எழுதுவதற்கு முன்னால் வந்திருந்தால்
தேநீர் போட்டிருப்பேன்.
இப்போது அது இருக்கட்டும்.
என் பக்கத்தில் இருக்கிறது, அதனால் என்னுடையது."

ஓசிப்பிடம் போனேன்.
அங்கே நடந்தது இந்தக் கவிதையில் இல்லை.

குளிரில் பேனா ஓடாது.
அக்குளில் வைத்து மை இளக்கிக்
கோடு இழுத்தேன்,
முப்பது வரை தடித்தும்
தாராளமாய்க்கு மேலே நூலாய் மெலிந்தும்.
ஓரத்தில் எழுதினேன்:
"தவறு. துளையிட்டது ஒரே இடத்தில்.
மிச்சத்தை நானாய்ச் சொன்னேன். திருப்பிப் படிக்கவும்."

இப்போதும் யாராவது நோட்டை எடுத்தால்
தராசில் எடைக்கல்லை
இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன்.
அந்தத் தாள் புரளும் சத்தம்
எனக்குத் தெரியும்.