ஐந்தாவது நொசில்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு
இந்தக் காருக்கு ஒரு வியாதியும் இல்லை.
நுவரெலியாவில் சேபால பாஸ் சாவியைத் தொட்டாலே
உறுமும்.
பொய்ச்சாட்சி சொல்ல வந்தவனைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்ப்பார்.
"நாலரைக்கு வாங்க பாஸ், கந்தப்பளைக்கு."
சிரித்தார். அவருக்கும் ஒரு போர்வை இருக்கிறது.

நாலரைக்கு
லீக்ஸ் பாத்திகளில் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
கண்ணாடியைச் சுரண்ட, காலாவதியான அடையாள அட்டை.
சாவியைத் திருப்புகிறேன்.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது,
பல்லில்லாத வாய் முறுக்கைப் புரட்டுவதுபோல.
ஒன்றும் பிடிக்கவில்லை.
ஜெசிந்தாவுக்கு ஆறு மணிக்கு வார்ட்டில் கையெழுத்து.
டாஷ்போர்ட் வெளிச்சம் மங்க மங்க
பற்றரி தன் மிச்சக் கணக்கைச் சொல்கிறது.
பிறகு பள்ளத்தில் தள்ளுவோம்.
பால் வண்டிக்காரர் கை கொடுப்பார்.
பள்ளிக்கூட வளைவுக்கு முன் இரண்டாம் கியர்,
ஒரு குலுக்கல், ஓர் இருமல்,
கறுப்பாய்க் கொஞ்சம் புகை.
அதற்கப்புறம் நாள் முழுக்க
மகராசன்போல் ஓடும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்
தன்னைக் காட்டும் நோய்.
ஒரு வயரைக் கழற்றி மாட்டினால்
சரியா பிழையா என்று அறிய
மறு விடியல்வரை இருக்க வேண்டும்.
பிளக் மாற்றினோம், ஒரு நாள் போனது.
பில்டர், இன்னொரு நாள்.
பம்ப் மாற்றிய மறுநாள் முதல் திருப்பிலேயே பிடித்தது.
இரவு முழுக்க மழை, குளிர் விட்டிருந்தது;
அது புரியாமல் கேக் வாங்கி வந்தேன்.
அடுத்த நாள் வானம் வெளித்தது.

நாலு சிலிண்டர், நாலு நொசில்.
ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது என்று
பழைய கையேட்டில் ஒரு மூலையில் கண்டேன்.
குளிரில் மட்டும் எழும்பி
எட்டு செக்கன் பெற்றோல் தெளித்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்ளும்.
கழற்றி, ஜாம் போத்தலுக்குள் அதன் வாயை வைத்து,
ஜெசிந்தா டோர்ச் பிடிக்க, சாவியைத் திருப்பினோம்.
ஒரு சொட்டு இல்லை.

அதற்கு உத்தரவு கொடுக்கும் சுவிட்சுக்குள்
ஓர் உலோக நாக்கு.
சூடானால் வளைந்து மின்சாரத்தை விடும்,
ஆறினால் நிமிரும்.
ஏதோ ஒரு வெயிலில் வளைந்தது
நிமிரவே இல்லை.
முப்பது வருடம் வெள்ளவத்தையில் ஓடிய கார்.
கடற்கரை வீதியில் யாருக்குத் தெரியப்போகிறது?
தேவைப்படாத ஊரில் செத்துப்போன உறுப்புக்கு
சாவு வீடும் இல்லை, திகதியும் இல்லை.

புதிய சுவிட்ச் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம்.
சேபால பாஸ் இரண்டு வயர் இழுத்து
ஹார்ட்வெயார் கடை காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை
டாஷ்போர்ட்டின் கீழ் திருகிவிட்டார்.
எனக்குச் சாவி, அவளுக்கு மணி.
நாடி பார்க்கும் குரலில் எண்ணுவாள்:
ஒன்று, இரண்டு, மூன்று...
இருட்டில் யாரோ ஒருவர் வாசலில்
நாங்கள் நிற்பதுபோல இருக்கும்.
எட்டில் விரலை எடுப்பாள்.
உள்ளே யாரோ எழும்பி, தடுமாறி வந்து
திறந்துவிடுவார்கள்.

மாசி மாதம் ஒரு நாள்
அவள் எண்ணவில்லை.
கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு எழுதியதை
என்னிடம் சொல்லாமல் விட்டது
முந்தின இரவுதான் தெரிந்திருந்தது.
நானும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினேன்.
அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்,
வெளியே வேறெங்கோ பார்த்தபடி.
பெற்றோல் மணம் ஏறியது.
பிளக்குகள் நனைந்துவிட்டன.
கதவைச் சாத்தாமல் இறங்கிப் போய்
இராகலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினாள்.

நாலையும் கழற்றித் துடைத்து
அடுப்பங்கரையில் பழைய துணியில் வரிசையாய் வைத்தேன்.
மாலையில் வந்தவள்
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.
"காஞ்சிருச்சா?"

"காலையிலதான் தெரியும்."