ஈரக் கழிவு

தவணை முடிந்து ஒன்பது நாளாகியும்
கோத்தகிரி நூலகத்துக்குத் திருப்பித் தராமல்
வைத்திருக்கிறேன் அந்த நாவலை.
முதுகு கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய மொழிபெயர்ப்பு.
பகலில் ஊர் மதிக்கும் ஒருவன்,
இருட்டினால் அவனே இன்னொருவன்.
ஏதோ ஒரு சீமை நகரம், தெருவெல்லாம் பனி.
பனியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
கட்டபெட்டுத் திருப்பத்தில் தினமும் அதைத்
தோளால் தள்ளித்தான் வேலைக்குப் போகிறேன்.

எழுதியவரோடு ஒரு தகராறு.
மாறும்போதெல்லாம் அவன் கத்துகிறான்,
எலும்பு நெறிபடுகிறது
நாலு பக்கத்துக்கு.
நான் இலை நிறுக்கும் கணக்கன்.
பதினேழு வருடம்.
மூட்டை தராசில் ஏறும்,
முள் இருபத்து மூன்றில் நிற்கும்,
என் கை இருபத்தொன்று என்று எழுதும்.
ஈரக் கழிவு இரண்டு கிலோ.
மண் வெடிக்கிற மாசியிலும் ஈரக் கழிவு.
எங்கும் வலித்ததில்லை.
பேனா மூடி கழலும் சத்தம், அவ்வளவுதான்.

அவனுக்கு ஒளிய ஓர் அறை, அறைக்கொரு பூட்டு.
எனக்கு இரண்டு நோட்டு போதும்.
பச்சை அட்டை இலை போடுகிறவர்களுக்கு,
சிவப்பு அட்டை முதலாளிக்கு.
இரண்டிலும் ஒரே கையெழுத்து,
சாய்வுகூட மாறாது.

வீட்டில் நான் நல்லவன்.
பிருந்தாவின் பள்ளிக் கண்காட்சிக்கு
இரவெல்லாம் விழித்து எரிமலை செய்து கொடுத்தேன்.
அது நடிப்பென்று யாராவது சொன்னால்
அடிக்கப் போவேன்.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
கொன்றுவிட்டு வந்தவன் கைகழுவிச்
சாப்பிட உட்காருகிற இடம்.
ஓரத்தில் பென்சிலால் யாரோ:
'இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டும்.'
மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, குட்டி வட்டம்.
அப்படி எழுதும் ஓர் ஆளை எனக்குத் தெரியும்.
பின்னட்டைச் சீட்டைப் பிரித்தேன்.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி,
என் உறுப்பினர் எண்.

படித்த ஞாபகமே இல்லை.
அப்போது இருபத்திரண்டு வயது,
வேலை கிடையாது, செருப்பு வாரில் ஊக்கு,
தூக்குக் கயிறு மட்டும் கைவசம் நிறைய இருந்தது.
அந்தப் பையன் அங்கிருந்து என்னைப் பார்த்தான்.
இடது தாடையில் ஏதோ நெறிபட்டது.
பல்லாக இருக்கலாம்.

ரப்பரை எடுத்தேன்.
'வேண்டும்' அழிந்ததும் தாள் கிழியப் பார்த்தது,
விட்டுவிட்டேன்.
இன்னும் நாற்பது பக்கம் மிச்சம்.

மறுநாள் மஞ்சு. காலையிலேயே ஷெட்டில் பல்பு.
குத்தகைக்கு அரை ஏக்கர் கிள்ளுகிற சிவனாயி
மூட்டையைத் தூக்கிவைத்துவிட்டு
முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.
எப்போதும் அப்படித்தான்.
'இன்னிக்கு எந்த ஐயா?' என்று
ஒருமுறை கேட்டிருக்கிறாள்,
விளையாட்டென்று சிரித்துவைத்தேன்.

இருபத்து நான்கு.
இருபத்து நான்கு என்றே எழுதினேன்.
நோட்டை வாங்கி ஒரு தரம் பார்த்தாள்,
வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம்.
ஒன்றும் சொல்லாமல்
தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் கழிவு இவ்வளவென்று
முதலாளிக்கு ஒரு கணக்கு உண்டு.
அடுத்தது ஹாலா கவுடர் மூட்டை, முப்பத்தொன்று.
இருபத்தேழு என்று எழுதினேன்.
மூடி கழலும் சத்தம்கூட இல்லை.
பேனா திறந்தேதான் இருந்தது.