பன்னிரண்டு மாதங்களாக

லாபிஸ் கிளினிக்கில் எங்கள் எண் நாற்பத்து மூன்று.
முப்பத்தொன்பதைக் கூப்பிடுவதற்குள்
தம்பி யுகேந்திரன் இரண்டு பேரைச் சுட்டிருந்தான்,
ஒருமுறை செத்திருந்தான்.
மறுபடி உயிர் வரக் காத்திருந்த
அந்தப் பத்து வினாடி மட்டும்
தலை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தான்.

அம்மா வரவில்லை.
'கை கால் நல்லாத்தானே இருக்கு?
ரெண்டு நாள் வெயில்ல குலை வெட்டினா
எல்லாம் சரியாப் போயிரும்' என்றாள்.
போன வெள்ளிக்கிழமை அவளேதான்
முனீஸ்வரர் கோயிலில் அவனுக்குக் கறுப்புக் கயிறு கட்டி வந்தாள்.
நோயில்லை என்பாள்,
மந்திரிக்கவும் வேண்டும் என்பாள்.

தாதி ஒரு தாள் கொடுத்தாள், மலாயில்.
அவன் கை ஓய்வாக இல்லாததால் நான் நிரப்பினேன்.

தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் வசத்தில் இல்லையா?
ஆம்.
சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் அது நிற்கிறதா?
ஆம். எண்ணெய் மில்லின் இரவு வேலை
மார்ச் மாதத்தோடு போயிற்று.
கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா?
ஆம்.
பன்னிரண்டு மாதங்களாகவா?

அங்கே பேனா நின்றது.

கையுறை ஆலையில் எனக்கு இது பதினான்காவது மாத ஓ.டி.
தொடங்குவதும் நிறுத்துவதும் என் வசத்தில் இல்லை.
சோறு, தூக்கம், பெண் பார்க்க வருகிறேன் என்றவர்கள்
எல்லாம் அதற்குப் பின்னால்தான்.
கழுத்து இப்படித் திரும்பாது என்று தெரிந்தே போகிறேன்.
எனக்கு யாரும் தாள் தரவில்லை,
சம்பளச் சீட்டு தருகிறார்கள்.

அப்பாவுக்குப் புதன், சனி, ஞாயிறு.
கவிழ்ந்த லாரியைக் கண்டால்
முதலில் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்.
நாலு நம்பர் விழுந்தால் யோகம்,
விழாவிட்டால் இருக்கவே இருக்கிறது அடுத்த புதன்.
தோட்டமே கள்ளுக்கடை நடத்திய நாளில்
கள்ளும் நோயில்லையாம்,
கணக்குப் புத்தகத்தில் அது வரவுப் பக்கம்.

இதெல்லாம் சரி.
ஆனால் அன்றைக்கு இடி விழுந்து
தாமான் முழுக்கக் கரண்டு போன இரவில்
போனும் சார்ஜ் தீர்ந்து, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.
மெழுகுவத்தியை அவன் பக்கம் நகர்த்தினேன்.
வெறும் தொடைமேல்
இரண்டு கட்டைவிரல்களும் ஓடிக்கொண்டிருந்தன.
'தம்பி' என்றேன். நிற்கவில்லை.
அவனுக்கே அது தெரியவில்லை.

அதனால், டாக்டர்,
நோய் என்றே எழுதுங்கள்.
இல்லையென்றால் எங்கள் வரிசையில் அதற்கு
ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: சோம்பேறி.
அந்தப் பெயருக்கு எம்சி கிடையாது.

டாக்டர் ஃபாரிஸ் சின்ன வயசு.
தாளைப் படித்தார், அவனைப் பார்த்தார்.
'ரேங்க் என்ன?' என்று கேட்டார்.

யுகேந்திரன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
தவாவில் ஒருத்தன், மேடானில் இரண்டு பேர்,
ராத்திரி மூன்று மணிக்கு
'கேப்டன், வந்துட்டியா?' என்று கேட்பார்கள் என்றான்.
சிரித்தான்கூட.
அவ்வளவு பேச வைக்கும் ஒரு கேள்வி
எங்கள் வீட்டில் யாரிடமும் இருந்ததில்லை.
எங்களில் யாரும் அவனை எதற்கும் கேப்டன் என்றதில்லை.

டாக்டர் நோயென்றும் சொல்லவில்லை,
இல்லையென்றும் சொல்லவில்லை.
சிகாமாட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.
தேதி, மூன்று மாதம் கழித்து.
'அதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்கா' என்றான் இவன்.

மோட்டாரில் திரும்பினோம்.
முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி,
உதிரிப் பழம் ஒவ்வொன்றாய்ச் சாலையில் விழ
வளைந்து வளைந்து ஓட்டினேன்.
நம்பர் பிளேட்டை நான் பார்க்கவில்லை.
என் தோளில் அவன் இரண்டு கைகள்.
கட்டைவிரல்கள் அசைகின்றனவா என்று
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்
கவனித்துக்கொண்டே வந்தேன்.