ஒரே குழல்

ஏப்ரல் கடைசி. இங்கே அது குளிரின் வாசல்.
சிலோயே தீவுகளுக்கு இடையே
மழையைக் கிழித்துப் போகிறது படகு.
என் மடியில் நீலப் பெட்டி:
பனிக்கட்டி, வெப்பமானி, நாற்பது ஊசி.
எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது,
இரண்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது.
கவிழ்ந்தால் முதலில் பெட்டியைப் பிடி
என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

தாளில் கட்டங்கள் உண்டு.
அறுபது தாண்டியவர்,
வயிற்றில் பிள்ளை சுமப்பவர்,
இழுப்பு, சர்க்கரை, இதயம்,
ஆறு மாதம் நிறைந்த சிறுசுகள்.

எதுவிகிஸ் பாரியா, எழுபத்தெட்டு:
"போன வருஷம் போட்டேனே, போதாதா?"
போன வருஷத்துச் சட்டை
இந்த வருஷக் காய்ச்சலுக்குப் பொருந்தாது என்றேன்.
"எனக்கும்தான் எதுவும் பொருந்துவதில்லை"
என்று சிரித்தபடி
நான்கு கம்பளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
ஒரு தோளைக் கண்டெடுத்துக் கொடுத்தாள்.

யானெட்டுக்கு ஏழாம் மாதம்.
ஒரு ஊசி, இரண்டு பேர்.
கணக்கில் ஒன்று என்றே எழுதினேன்.

நாவெல்கின் வீட்டு அடுப்படியில்
விறகு வெடித்துக்கொண்டிருந்தது.
ரிகோபெர்த்தோ, முப்பத்தேழு,
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்.
மூக்கு ஒழுகியதாகக்கூட நினைவில்லையாம்.
அவனுக்குக் கட்டம் இல்லை.
மகள் ரயேனுக்கு நான்கு மாதம்.
அவளுக்கும் இல்லை.
ஊசி ஏறக் கூடாத உடம்பு ஒன்று
ஊசி எனக்கெதற்கு என்ற உடம்பின் தோளில்
வாய் பிளந்து தூங்கியது.

மாத்தே சுற்றில் வந்தது:
சுரைக்குடுக்கையில் கசப்புத் தழை, வெந்நீர்,
எல்லா வாய்க்கும் ஒரே உலோகக் குழல்.
துடைத்துவிட்டுக் குடித்தால்
வீட்டை அவமதித்ததாகும்.
அவன் குடித்தான், அவன் மனைவி குடித்தாள்,
வலை கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்,
மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர், படகோட்டி,
பிறகு நான்.
ஏழு வாய்.
குடித்த வாயோடே அவன் குனிந்து
மகளின் நெற்றியை முத்தினான்.

கையை நீட்டு என்றேன்.
"நான் பட்டியலில் இல்லையே?"
நீட்டு.

காரணம் என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
மாத்தே குடிப்பவன், என்று எழுதினேன்.
அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

திரும்பும்போது பெட்டியில் இரண்டு மீதி.
வெப்பமானி ஐந்து காட்டியது.
படகோட்டி ஓயார்சோவுக்கு ஊசியென்றால் பயம்,
சுறாவுக்கு இல்லாத பயம்.
தீவு தீவாக எல்லாரும்
உங்கள் கையைப் பிடித்துத்தானே இறங்குகிறார்கள் என்றேன்.
எஞ்சினைக் கூட்டினார்,
காதில் விழாதது போல.

சுக்கானை ஒரு கையால்தான் பிடித்திருந்தார்.
இன்னொரு கை
முழங்காலின்மேல் சும்மா கிடந்தது,
மழையில் நனைந்தபடி.