இரண்டு கோடு

ஆடிக்காற்று பணகுடியில்
கூரைத் தகரங்களைத் தூக்கிப் பார்க்கும் ராத்திரிகளில்
இரண்டு மணிக்கு என் போன் அடிக்கும்.
"அக்கா, கோடு ஒண்ணா ரெண்டா?"

சுயம்பு. காற்றாலைக் கட்டுப்பாட்டு அறை, இரவுப் பணி.
நாற்பத்தேழாம் காத்தாடி நின்றுபோனால்
கோயம்புத்தூர்க் கணினிக்குள் போய்த்தான்
ஏன் நின்றாய் என்று அதைக் கேட்க முடியும்.
உள்ளே போக ஒரே வழி விபிஎன்.
விபிஎன்னுக்கு ஒரே வழி
கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய ஒரு வரி.
அதை அவன் நாள்காட்டியில்
கிழிக்காமல் விட்ட ஒரு செவ்வாய்க்கிழமையின் முதுகில்
எழுதி வைத்திருந்தான்.

"ரெண்டு கோடு. ஒட்டிப் போடு. நடுவுல இடம் விடாத."
"விடல."
"பெறகு கான்ஃபிக். அதுக்கப்புறம் இடம்."
"எம்புட்டு இடம்?"

வள்ளியூரில் பாதித் தூக்கத்தில்
ஒரு இடம் என்பது எம்புட்டு என்று
யோசித்துக் கிடப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து
நாகர்கோவில் பஸ் பிடித்துப் போனேன்.
புழுதிக்குப் பயந்து
உரச்சாக்கு போர்த்திக் கிடந்தது லேப்டாப்.
சூடோ என்று தொடங்கியதும் கடவுச்சொல் கேட்டது.
அடிக்க அடிக்கத் திரையில்
ஒரு புள்ளிகூட விழவில்லை.
"கீபோர்டு போச்சா?"
"இல்ல, இது அப்படித்தான்.
எல்லாத்தையும் கேட்டுக்கிடும்,
கேட்ட மாதிரி காட்டிக்கிடாது."
"எங்க சூப்பர்வைசர்" என்றான்.

ஒன்றைக் கூப்பிட்டால்
பதினொன்று வந்து இறங்கும் பொதிகள்.
அறுபத்திரண்டு சதவீதத்தில்
காற்று சிக்னலைத் தூக்கிக்கொண்டு போனது.
ஃபிளாஸ்க் மூடியில் ஆளுக்கு இரண்டு வாய் டீ.
திரும்பி வந்தது, முடிந்தது,
அமைப்புகளைத் திறந்தால்
இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
நெட்வொர்க்கை நிறுத்தித் தொடங்கினேன். இல்லை.
மெஷினையே அணைத்துப் போட்டேன். இல்லை.
அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது:
வேலை செய்கிற பாகத்தைப் போட்டுவிட்டு
முகத்தைப் போடாமல் விட்டிருக்கிறேன்.
முகம் தனிப் பொதி.

அதையும் இறக்கினேன்.
கோப்பைக் காட்டினேன், சாவியைக் காட்டினேன்.
ஒரு சின்னப் பொத்தான். தள்ளினால்
மேலே வைஃபை பக்கத்தில் ஒரு பூட்டு.

"இம்புட்டுதானா?" என்றான்.

அந்த இம்புட்டுதானா
எனக்குக் கொஞ்சம் சுட்டது.
மூன்று வருஷம் இந்த வட்டாரத்தில்
அந்த வரியைப் பார்க்காமல் அடிக்க
என்னை விட்டால் ஆள் கிடையாது.
"இந்தச் செவ்வாய்க்கிழமையக் கிழிச்சிரவா?"
"இருக்கட்டும்" என்றேன், ஏனோ.

பிறகு பன்னிரண்டு ராத்திரி போன் இல்லை.
இரண்டு மணிக்கு நானே விழித்துக்கொண்டு
தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

பதின்மூன்றாம் ராத்திரி அடித்தது.
"அக்கா, பூட்டு விழுந்துட்டு."
"பெறகென்ன?"
"உள்ள போயிட்டேன். நாப்பத்தேழு.
பிரேக்குன்னு போட்டிருக்கு.
காத்து கொறையவும் நானும் ஜெபஸ்டினும் ஏறுதோம்.
சும்மா சொல்லி வைப்பம்னு."

நாலரைக்கு என் முருங்கை ஆடுவதை நிறுத்தியது.
எழுந்து சர்வரைப் பார்த்தேன்.
பத்து புள்ளி எட்டு புள்ளி பூஜ்யம் புள்ளி ஆறு,
இணைப்பில் இருக்கிறது.
பணகுடியில் ஆளில்லாத அறையில்
பூட்டு எரிந்துகொண்டிருக்கும்,
சுரங்கம் இந்தக் கடைசி வரை திறந்து.
அவன் எண்பது மீட்டர் உயரத்தில்
இடுப்பில் வார் கட்டி,
நான் ஒரு கோடுகூடச் சொல்லித்தர முடியாத
இடத்தில்.