நிறைமட்டம்

முதல் வாரக் கணக்கு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
கோரையேரிக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
தொடையில் வைத்து எழுதியது:
ஜவ்வரிசி ஆலைக் கழிவு, புளித்த தயிர்போல, இரண்டடி.
கொலுசுப் பட்டறைகளின் பச்சைத் தண்ணீர், அளக்க முடியவில்லை.
டயர் நூற்றுப் பதினொன்று.
பிள்ளையார் எட்டு. தும்பிக்கையோடு மூவர்.
இரும்பு பீரோ ஒன்று.
கதவைப் பெயர்த்தால் உள்ளே
தட்டுத் தட்டாகச் சேறு,
யாரோ மடித்து அடுக்கியதுபோல.

மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு
இதையெல்லாம் ஒரு சந்தோஷத்தோடுதான் எழுதினேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
பஞ்சாயத்தில் இருபது வருடம் தீர்மானமாகவே கிடந்த ஏரி.
மனை விற்கிற கம்பெனி பதினான்கு வாரத்தில் தூர் எடுத்தது.

பெயர்ப்பலகையில் ஏரி முன்கூட்டியே நீலமாகிவிட்டது.
இரண்டு அன்னங்களும் நீந்தின,
ஏற்காடு அடிவாரத்தில், அன்னம்.
ஐம்பத்தாறு மனைகள். முப்பத்தேழு என்னுடையது.
பணியாளர் சலுகை;
மாதம் பதினோராயிரம் சம்பளத்தில் பிடிப்பு.
தண்ணீரைப் பார்த்தபடி சமைக்க வேண்டுமென்று
பிளானை நானே வரைந்தேன்.

ஹிட்டாச்சி ஓட்டியவர் பெயர் சின்னப்பையன்.
வயது ஐம்பத்தெட்டு.
ஆகாயத்தாமரையை வாரியெடுத்ததும்
வேர்கள் சொட்டி முடியும்வரை
இயந்திரத்தின் கையை அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்.
"தண்ணி ஏரியோடது, அதை ஏன் வெளிய கொட்டணும்?"
டீசல் கணக்கு எழுதுகிறவர் தினமும் சண்டைக்கு வருவார்.

ஐப்பசியில் சேர்வராயன் மலை இரண்டு இரவு கொட்டியது.
ஓடையில் காப்பித் தோட்டத்துச் செம்மண்ணாய் வந்தது,
மூன்றாம் நாள் தெளிந்தது. நான்காம் நாள்
ஒரு முக்குளிப்பான்,
பலகை அன்னத்தின் கழுத்துக்கு ஈடாகாத உடம்பு,
முங்கியது.
எங்கே எழும், எங்கே எழும் என்று
தட்டுவடை செட் கையில் நமத்துப்போக
எல்லோரும் நின்றோம்.

அந்த வாரம்தான்
வடகரைக் குப்பைக்கு அடியில் கல்மதகு தெரிந்தது.
தூணில் உளிக்கோடு, விரல் பதியும் ஆழம்.
நிறைமட்டம்.
அதற்கு மேலே வருகிற தண்ணீர் கலிங்கு தேடிப் போகும்.
அதுவரைக்கும் அதன் வீடு.

மட்டக்கருவியை நட்டேன்.
பவளக்கொடி அளவுகோலைப் பிடித்தாள்.
கோட்டில் 98.640.
அங்கிருந்து முளைக்குச்சி முளைக்குச்சியாக நடந்தோம்,
இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து.
முப்பத்தேழின் தென்கிழக்கில் 98.265.

மனதிலேயே கழித்தேன்.
என் வீட்டு அக்னி மூலையில்
அடுப்பு வைக்கிற இடத்தில்
ஒன்றேகால் அடித் தண்ணீர்.

"இன்னொருக்கா புடிக்கட்டுங்களா?" என்றாள் பவளக்கொடி.
பிடித்தாள்.
மூன்று முறையும் அதே எண்.

மேலாளர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"ரெண்டடி மண்ணு அடிச்சா தீர்ந்துச்சு."
எந்த மண் என்று நான் கேட்கவில்லை.
கரையில்தான் குன்றாகக் கிடக்கிறது,
ஏரிக்குள்ளிருந்து எடுத்தது.

மட்டப் புத்தகத்தில் ரப்பர் ஆகாது.
தப்பான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து
மேலே சரியானதை எழுத வேண்டும்,
அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.
பாலிடெக்னிக்கில் முதல் வாரப் பாடம்.
பேனாவைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தின் நகலை உறையிலிட்டு
பொதுப்பணித்துறை முகவரியும் எழுதியாயிற்று.
ஆறு நாளாகக் கைப்பையில்
சாப்பாட்டு டப்பாவின் சூட்டில் பசை இளகுகிறது.

இந்த மாதமும் பதினோராயிரம் பிடித்துவிட்டார்கள்.

நேற்றிரவு மறுபடி மழை.
முப்பத்தேழின் முளைக்குச்சி தண்ணீரில் நிற்கிறது,
சிவப்புப் பெயிண்ட் எண் மட்டும் மேலே.
அதில் தொற்றிக்கொண்டு நாலைந்து பாசித் தழைகள்.
முக்குளிப்பான் ஐந்தாவதையோ ஆறாவதையோ
அலகில் கொண்டுவந்து செருகுகிறது.

மண்குன்றின் பக்கம்
சின்னப்பையன் வண்டியைக் கிளப்பிவிட்டார்.
கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு
என்னைப் பார்க்கிறார்.