கால் ஊன்றுதல்

டாக்டர் சியாவின் புத்தகத்தில்
கால் முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது.
கணுவில் முடிந்துவிடுகிறது.
மேலே இருப்பது தொடை, அது வேறு கணக்கு.
கீழே இருப்பது பாதம், அதற்கு வேறு டாக்டர்,
வேறு மாடி, வேறு வரிசை எண்.

பேராவூரணி அரசப்பனுக்கு
இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்.
"எங்க வலிக்குது?"
"காலு மேடம்."
"கால்ல எங்க?"
"காலுன்னா... காலுதான்."
துவாஸில் சாரத்திலிருந்து விழுந்து ஒன்பது நாள்.

ஜூரோங் மருத்துவமனையில் நான் மொழிபெயர்ப்பாளர்,
மணிக்கணக்கில் கூலி.
கெண்டைக்கால், கணைக்கால், புறங்கால், குதிகால்:
உயர்நிலை இரண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவை,
இங்கே யாரும் கேட்டதில்லை.
சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன்
உடம்பெல்லாம் லத்தீன் குத்தி நிற்கிறான்.
அந்தப் படத்தில் காட்டுங்கள் என்றேன்.
அரசப்பன் தயங்கி எழுந்து
பிட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை
விரலால் ஒரே கோடு இழுத்தார்,
பதினாறு பெயர்களின் மேல் ஏறி இறங்கி.
டாக்டருக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது.
நரம்பு, என்றார்.

ஏன் இவ்வளவு தாமதம்?
"சூப்பர்வைசர் காலைப் பிடிச்சேன், லீவு தரல."
இந்தக் காலில் எலும்பு இல்லை, டாக்டர்.
அப்படிச் சொல்லவில்லை. கெஞ்சினாராம், என்றேன்.
"சம்பளமும் கால்தான் போட்டாங்க."
நாலில் ஒரு பங்கு, என்றேன்.
அதுவரை ஒரு பிழையும் இல்லை.

அடுத்த கேள்வி:
அந்தப் பக்கம் எடை தாங்குகிறதா?
நான் கேட்டேன்,
"கால் ஊன்ற முடியுதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
பாலத்தின் மேல் எம்ஆர்டி ஒன்று
கிழக்கே போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பெட்டி வரை.
"எங்க மேடம். நாலு வருஷம் ஆச்சு.
ஏஜெண்ட் கடனே பாதி நிக்குது.
தங்கச்சிக்கு வேற வரன் வந்திருக்கு..."

டாக்டரின் பேனா காத்திருந்தது.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.

முடியவில்லை, என்றேன்.

சந்தேகம் வந்தால் வேறு சொல்லில்
மறுபடி கேட்க வேண்டும், அது விதி.
கேட்டேன்.
கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
இடது பாதத்தை மெல்லத் தரையில் வைத்தார்.
உடனே எடுத்துவிட்டார்.

குறித்த கட்டத்தை
டாக்டர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.